காணாமல் போன கர்சீப்

அருள்குமார் மேல் ஒரு மனு வந்திருப்பதை முதலில் பார்த்தது அருள்குமார்தான். குடிபாலா மண்டலத்து நரிக்குட்டை கிராமச் சச்சிவாலயம் என்னும் ஊர் அரசு அலுவலகத்தில் அவன் டிஜிட்டல் அசிஸ்டென்ட். காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, மாவட்டத்தில் திங்கட்கிழமை வாங்கிய மனுக்களில் தங்கள் ஊருக்கு எது வந்திருக்கிறது என்று பார்த்து, அச்செடுத்து, உரியவரிடம் கொடுக்க வேண்டும். போன ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிப் பார்த்தபோது மூன்று மனுக்கள் இருந்தன. ஒன்று வாய்க்கால் அடைப்பு பற்றியது. இன்னொன்றில், செத்துப்போய் ஆறு வருஷமான ஒருவர் ரேஷன் கார்டில் இன்னும் உயிரோடு இருந்தார். மூன்றாவது மனு சித்தூர் முருகம்பட்டைச் சேர்ந்த துர்காதேவி, வயது நாற்பத்தாறு, தெலுங்கில் கோணாமல் எழுதியது. எதிர்மனுதாரர் க. அருள்குமார், தகப்பன் பெயர் கங்கையா, நரிக்குட்டை. குறை என்ற இடத்தில் இப்படி இருந்தது: "நான் காசு கொடுத்து வாங்கிய 'கர்சீப்' என்னும் போன் ஆட்டத்தைக் காணவில்லை. மீட்டுத் தர வேண்டும்."

அருள்குமார் அதை இரண்டு தரம் படித்தான். பிறகு மற்ற இரண்டையும் போலவே அதையும் அச்செடுத்தான்.

அவனுக்கு முப்பத்தேழு வயது. அவன் தாத்தா காலம்வரை அந்தக் குடும்பத்துக்கு நிலம் என்று ஒரு சாண் கிடையாது. அப்பா கங்கையாவுக்கு அரசாங்கம் ஒன்றேகால் ஏக்கர் டி.கே.டி. பட்டாவில் கொடுத்தது. உழலாம், பிள்ளைகளுக்கு விடலாம், விற்க மட்டும் கூடாது. அந்த நிலத்து வேர்க்கடலை அவனைச் சித்தூரில் பி.டெக். படிக்க வைத்தது. இப்போது ஊரில் அவனை 'டிஜிட்டலு' என்று கூப்பிடுகிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பென்ஷன்காரர்களின் கைரேகை எல்லாம் அவன் மேஜையில்தான். ஒரு நாளைக்கு இருபது தரமாவது "சர்வர் இல்ல" என்று சொல்வான். சர்வர் எங்கே போயிருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கர்சீப் அவன் செய்த ஆட்டம்தான். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருந்த 2013-இல், கூடப் படித்த சாய்குமாரும் அவனும் திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு மாடி அறை பிடித்து ஏழு மாதம் உட்கார்ந்து செய்தது. ஆட்டம் சுலபம். பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும். அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்சீப்பை எறிந்து சீட்டுப் பிடிக்க வேண்டும். முதல் லெவல் சித்தூர், அறுபதாவது லெவல் திருப்பதி. பத்துக்கு மேல் போனால் காற்று அடிக்கும். இருபதுக்கு மேல் மற்றவர்களும் எறிவார்கள்: துண்டு, பை, சில சமயம் குழந்தை. நாற்பதுக்கு மேல் கண்டக்டர் எல்லாவற்றையும் எடுத்து வெளியே போடுவார். முதல் பத்து லெவல் இலவசம். மிச்சத்துக்கு நாற்பத்தொன்பது ரூபாய். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்கினார்கள். அதில் பத்தொன்பது பேர் தெரிந்தவர்கள்.

அதற்குப் பிறகு சாய்குமார் மனை விற்கப் போனான். அருள்குமார் பரீட்சை எழுதிச் சச்சிவாலய வேலைக்கு வந்தான். ஆட்டத்தை விற்ற ஆப் ஸ்டோர்க்காரர்கள் மட்டும் மறக்காமல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுப் போன்களுக்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்றித் தர வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம். மாற்றித் தர ஒரு சாவிக் கோப்பு வேண்டும். ஆட்டத்தைச் செய்தவன் இவன்தான் என்பதற்கு அது ஒன்றே அத்தாட்சி. ஆட்டத்தை எழுதிய நிரலும் அந்தக் கோப்பும் சாய்குமாரின் லேப்டாப்பில் இருந்தன. சாய்குமார் அந்த லேப்டாப்பைப் பழசுக்குப் புதுசு திட்டத்தில் கொடுத்து டி.வி. வாங்கியிருந்தான். "நான்தான் அருள்குமார்" என்று ஸ்டோருக்கு எழுதிப் பார்த்தான். சாவி இருந்தால்தான் அருள்குமார் என்று பதில் வந்தது. அடுத்த கடிதத்தில் ஆட்டத்தை எடுத்துவிட்டதாகவும், வெகுநாள் பயன்படுத்தாததால் கணக்கையும் மூடிவிட்டதாகவும் இருந்தது. அது வந்த அன்று ரேஷன் கார்டு சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்று பேருக்குக் கைரேகை விழவில்லை. அவன் கடிதத்தை மூடிவிட்டு அவர்களைக் கையைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னான்.

மனுவை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து செக்ரட்டரி நாகபூஷணத்திடம் போனான். நாகபூஷணம் ஓய்வுக்கு இரண்டு வருஷம் மிச்சமிருந்தவர். எந்தத் தாளைப் பார்த்தும் அவர் ஆச்சரியப்பட்டதில்லை.

"சார், இந்த அர்ஜில எதிர் பார்ட்டி நான்."

"பேரு ஒண்ணா, ஆளே நீயா?"

"ஆளே நான்தான் சார்."

"விசாரிக்கறது யாருன்னு போட்டிருக்குது?"

"டிஜிட்டல் அசிஸ்டென்ட்டு."

நாகபூஷணம் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். எதிர்மனுதாரரின் ஊர் எதுவோ அந்த ஊர்ச் சச்சிவாலயத்துக்கு மனு போகும். எந்தப் பிரிவிலும் சேராத மனு டிஜிட்டல் அசிஸ்டென்டிடம் போகும். இரண்டும் சரியாகவே நடந்திருந்தது.

"மஞ்சிதே, நல்லதுதான். உனக்கு பிரயாணம் மிச்சம். பதினஞ்சு நாளு டைம் இருக்குது. ரெண்டு பக்கமும் விசாரிச்சி ரிப்போர்ட் எழுது. உன் பக்கம்னு விட்டுக்குடுத்து எழுதாத."

"சரி சார்."

"முடிக்கறப்போ அந்தம்மா கைரேகை வேணும். இல்லன்னா மேல மண்டலத்துக்குப் போயிடும். அங்க போனா உன்ன என்னா ஏதுன்னு கேப்பாங்க. என்னயும் கேப்பாங்க."

அருள்குமார் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, மனுவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தான்.

"நரிக்குட்டை சச்சிவாலயத்துல இருந்து பேசறேன் மா. உங்க அர்ஜி வந்திருக்குது."

"அதுக்குள்ள வந்திட்ச்சா? நேத்துதான குடுத்தேன். அந்த ஆளப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"இன்னா சொல்றான்?"

அருள்குமார் யோசித்தான். "அவன்கிட்டயும் இல்லியாம் மா."

"பண்ணவன்கிட்டயே எப்டி சார் இல்லாம போவும்? வெரட்டிக் கேளுங்க. வியாழக்கெழம எனக்கு லீவு. நானே வரேன். அவனயும் இருக்கச் சொல்லுங்க."

"இருப்பான் மா," என்றான்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குத் துர்காதேவி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ரோட்டில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் முக்கால் மணி நேரம் தாமதம். அதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டாள். கறுத்து, ஒல்லியாக, மடிப்புக் கலையாத புடவையில் இருந்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே ஒரு பழைய போன், ஒரு புதுப் போன், நான்காக மடித்த ஒரு தாள். தாளில், 2014 ஆகஸ்டில் அவள் தம்பியின் கார்டில் பணம் கட்டி ஆட்டம் வாங்கிய ரசீது இருந்தது. அதன் கீழே விற்றவன் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் இருந்தன.

"அந்த ஆளு எங்க சார்?"

"நான்தான் மா."

துர்காதேவி அவனைப் பார்த்தாள். "முந்தாநாளு போன்ல பேசனது?"

"அதுவும் நான்தான்."

வாசலில் பென்ஷனுக்கு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"நல்லதாப் போச்சி," என்றாள் துர்காதேவி. "ஒரே பேச்சா முடிஞ்சிடும்."

விசாரணை என்பதால் அவன் தாளும் பேனாவும் எடுத்துக் குறித்துக்கொண்டான். அவள் திருப்பதியில் ஒரு லாட்ஜில் துணி அறையைப் பார்த்துக்கொள்கிறாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவள் கைக்கு வந்துதான் மாடிக்குப் போகும். பதிமூன்று வருஷமாகத் தினமும் சித்தூரிலிருந்து போய் வருகிறாள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள், அவளுக்குத் தூக்கம் வராது. தம்பி போட்டுக் கொடுத்த ஆட்டம்தான். இலவச லெவல் பத்தும் முடிந்து மேலே போகாமல் நின்றபோது, காசு கட்டி வாங்கச் சொன்னாள். கண்டக்டர் வந்த பிறகு வேகம் குறைந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு லெவல், மூன்று மாதத்துக்கு ஒரு லெவல் என்று ஆனது. போன மார்ச்சில் ஐம்பத்திரண்டாவது லெவலில் இருந்தாள். அப்போது போன் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

"அம்பத்திரெண்டா?" என்று கேட்டான் அருள்குமார்.

"ஆமா. ஏன், தப்பா?"

"இல்ல மா." அவனே முப்பத்தெட்டுக்கு மேல் போனதில்லை. சாய்குமார் நாற்பத்திரண்டு. அறுபது வரை வரைந்து வைத்தார்களே தவிர, அங்கே யாராவது போவார்கள் என்று இரண்டு பேருமே நினைத்ததில்லை. இதை அவன் தாளில் எழுதவில்லை.

"புது போன் வாங்கி ஸ்டோர்ல தேடனேன். அந்தப் பேர்ல கைக்குட்ட விக்கற கடதான் வந்துது. நான் வாங்கனது தம்பி. வாங்கன பொருளு எப்டி காணாம போவும்?"

அருள்குமார் சச்சிவாலயக் குரலுக்கு வந்தான். "அக்கா, நீங்க வாங்கனது ஆட்டம் இல்ல. ஆடறதுக்கு அனுமதி. வாங்கறப்போ 'ஒத்துக்கறேன்'னு ஒண்ணு அமுக்கினீங்க இல்ல? அதுல எழுதியிருக்குது."

"அத எழுதனது யாரு?"

"நாங்க... வேற ஒரு ஆட்டத்துல இருந்து எடுத்துப் போட்டோம்."

"நீ படிச்சியா?"

"இல்ல."

"நானும் படிக்கல. அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான."

அருள்குமார் பேனாவை மூடி வைத்தான். நாற்பத்தொன்பது ரூபாயைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னான். அவள் மனுவை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "காசு குடுன்னு எங்கனா எழுதியிருக்கறனா பாரு." எழுதியிருக்கவில்லை.

"அனுமதின்னு சொன்னியே," என்றாள் அவள். "எங்க நைனாவுக்கு டி.கே.டி. பட்டா குடுத்தாங்க. விக்கக் கூடாது, உன்னுது இல்ல, சர்க்காருது, நீ உழுது துன்னுன்னாங்க. சரின்னு வாங்கிக்கினாரு. அதுவும் அனுமதிதான். ஆனா நெலம் காணாம போவல தம்பி. இன்னிக்கும் போய்ப் பார்த்தா அங்கதான் கெடக்குது."

அருள்குமார் வீட்டு நிலமும் அங்கேதான் கிடந்தது. ஒரு வழியாக, எதிர்மனுதாரர் நிலைமையை மனுதாரருக்கு விளக்கினார் என்று எழுதி, கைரேகைக் கருவியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"வெளக்கனே. நானும் வெளங்கிக்கினேன்," என்றாள் துர்காதேவி. "ஆட்டம் வந்திட்ச்சா?"

"வரல."

"வந்ததும் வெக்கறேன்." கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் இருந்தவர்களிடம் வழி விடச் சொல்லிப் போனாள்.

அன்று சாயந்தரம் அவன் இதை மனைவி அகிலாவிடம் சொன்னான். நடந்ததை நடந்தபடி, அறிக்கை போலவே சொன்னான். அகிலா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"பத்து பதினோரு வருஷமா ஒருத்தி நீ பண்ணத ஆடிக்கினு இருந்திருக்கறா. காணோம்னு பஸ் புடிச்சி உன்னத் தேடிக்கினு வந்திருக்கறா. அவகிட்ட அனுமதிதான்னு சொல்லி அனுப்பனியா?"

"ரூல்ஸ் அதான்."

"ரூல்ஸ கேக்கல. உனக்கு எப்டி இருந்துதுன்னு கேட்டேன்."

எப்படி இருந்தது என்று அவன் யோசித்துப் பார்த்தான். மத்தியானத்திலிருந்து 'ஐம்பத்திரண்டு' என்ற எண் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்து ஆறு வருஷத்தில், அவன் கொடுத்த எந்தச் சான்றிதழையும் யாரும் இரண்டாம் தரம் எடுத்துப் பார்த்ததாக அவனுக்குத் தெரியாது. "நல்லாத்தான் இருந்துது," என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்த பென் டிரைவ்களை எல்லாம் தேடி எடுத்தான். ஒன்றில் கல்யாணப் படங்கள். ஒன்றில் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்கள் நாற்பது. மூன்றாவது திறக்கவில்லை. ஆட்டம் எதிலும் இல்லை. பண்ணவனிடமே எப்படி இல்லாமல் போகும் என்று அந்தம்மா கேட்டது நியாயமான கேள்வி என்று அப்போதுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதி போய், அங்கிருந்து ஏர்பேடு ரோட்டில் சாய்குமாரின் மனைப் பிரிவுக்குப் போனான். கலர் கொடிகளுக்கு நடுவில், ஒரு ஷெட்டில் சாய்குமார் உட்கார்ந்திருந்தான். உடம்பு போட்டிருந்தது.

"லேப்டாப்பு எப்பவோ போச்சி ரா மாமா. ஆனா அந்தச் சாவிக் கோப்போட பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குது." சொல்லியும் காட்டினான். இருபத்திரண்டு எழுத்து, ஒன்றுகூடத் தடுமாறாமல். பூட்டும் இல்லை, பெட்டியும் இல்லை, அந்த இருபத்திரண்டு எழுத்து மட்டும் சாய்குமாரிடம் பத்திரமாக இருந்தது.

"வேற யார்கிட்டயாவது இருக்குமா?"

சாய்குமார் ஒரு வாடிக்கையாளருக்குக் கிழக்குப் பார்த்த மனையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து சொன்னான். "திருட்டு சைட் ஒண்ணுல போட்டிருந்தானே ஒருத்தன். நீகூட கோபமா மெயில் போட்டயே. அங்க பாரு."

போட்டிருந்தான். 2014-இல், எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாத ஒருவன் அவர்கள் ஆட்டத்தை உடைத்து, அறுபது லெவலையும் இலவசமாகத் திறந்து, தன் தளத்தில் ஏற்றியிருந்தான். அருள்குமார் அவனுக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினான். இது எங்கள் உழைப்பு, உடனே நீக்கு, இல்லாவிட்டால் நீதிமன்றம். பதில் வரவில்லை. அன்றைக்கு அவனுக்கு இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் தளத்தைத் தேடினான். இருந்தது. எடை குறைக்கும் மருந்து, சூதாட்டம், ஜாதகம் என்று விளம்பரங்களைத் தாண்டித் தாண்டிக் கீழே போனால், கர்சீப் இருந்தது. சாய்குமார் வரைந்த சிவப்பு பஸ், நாலு எம்.பி. அளவு. காசு கொடுத்து வாங்கியவளிடம் இல்லை, செய்தவனிடம் இல்லை, விற்றவர்களிடம் இல்லை. திருடியவன் ஒருவன்தான் பன்னிரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தான். பாகாலா தாண்டியதும் அருள்குமார் தன் ஆட்டத்தைத் தானே திருடிக்கொண்டான். மூன்று பக்கக் கடிதத்துக்கு அந்த ஆள் செவி சாய்க்காததற்காக மனதுக்குள் ஒரு நன்றியும் சொன்னான்.

ஆனால் அவன் போன் அதை ஏற்க மறுத்தது. இது ரொம்பப் பழைய காலத்துப் போனுக்குச் செய்தது, இதில் ஏற்ற முடியாது என்றது. அகிலாவின் போனும் அதையே சொன்னது. துர்காதேவியின் பழைய போனைச் சித்தூரில் ரிப்பேர் கடைக்காரரிடம் காட்டலாம் என்றால், அவர் போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, "சோப்பா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாக அவள் முன்பே சொல்லியிருந்தாள். பழைய போன், உயிரோடு இருக்கிற போன் வேண்டும். நரிக்குட்டையில் அப்படி ஒன்று இருந்தது. அது அவன் அப்பாவிடம் இருந்தது.

கங்கையா இப்போது மாந்தோப்பாகிவிட்ட தன் நிலத்தில் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நைனா, உன் போனக் குடு. புதுசு வாங்கித் தரேன்."

"இதுல இன்னா கொற?"

"கொற ஒண்ணும் இல்ல. பழசா இருக்குது, அதான் வேணும்."

கங்கையா மகனை ஏற இறங்கப் பார்த்தார். "பழசு வேணும்னு கேக்கறவன நான் இப்பதான் பார்க்கறேன். படிக்க வெச்சது இதுக்குத்தானா." ஆனாலும் சிம்மைக் கழற்றிக்கொண்டு கொடுத்தார். புதுப் போனில் பழைய மணிச் சத்தம் வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். அது வரவில்லை. அடுத்த இரண்டு நாள், யாருடைய போனோ அடிக்கிறது என்று நினைத்து அவர் எந்தப் போனையும் எடுக்கவில்லை. மாங்காய் வாங்கும் மண்டிக்காரர் நேரில் வந்து கோபித்துக்கொண்டு போனார்.

பழைய போனில் கர்சீப் ஏறிக்கொண்டது. அருள்குமார் அதைத் திறக்கவில்லை. அது அவன் ஆடுவதற்கு அல்ல, மனு சம்பந்தப்பட்ட பொருள்.

பதினான்காம் நாள் காலை ஆறு மணிக்குச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் துர்காதேவியைச் சந்தித்தான். அவளுக்கு அன்று வேலை நாள். வேறு நேரம் இல்லை. பையில் போனும் கைரேகைக் கருவியும் இருந்தன. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் திருப்பதி பஸ் திரும்பியது. துர்காதேவி பேசிக்கொண்டே இடுப்பிலிருந்து கர்சீப்பை எடுத்து, இரண்டு மடிப்பு மடித்து, பஸ் நகர நகர மூன்றாவது ஜன்னலுக்குள் எறிந்தாள். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்திலேயே எறிந்தாள். இரண்டும் போய் உட்கார்ந்தன. நாற்பது பேர் கதவில் நெருக்கிக்கொண்டிருந்தபோது அவள் அவசரப்படாமல் நின்றாள்.

ஏறியபோது இரண்டாவது கர்சீப்பின் மேல் ஒரு வேட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"கர்சீப் போட்டிருக்குது," என்றாள் துர்காதேவி.

"கர்சீப் போட்டா சீட்டு உன்னுதா?"

"சீட்டு பஸ்காரனுது. போட்டது நான்."

வேட்டிக்காரர் சற்று யோசித்தார். பிறகு எழுந்து பின்னால் போனார். இந்தக் காட்சியை ஆட்டத்தில் வைக்க வேண்டும் என்று 2013-இல் சாய்குமார் சொன்னதும், நிஜத்தில் யாரும் எழ மாட்டார்கள் என்று தான் மறுத்ததும் அருள்குமாருக்கு ஞாபகம் வந்தது.

காணிப்பாக்கம் கிராஸ் வந்ததும் போனை அவளிடம் கொடுத்தான். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னான். இது திருட்டுப் பிரதி. எல்லா லெவலும் திறந்தே இருக்கிறது. ஆனால் நீங்கள் ஆடிய கணக்கு இதில் இல்லை. நேராக ஐம்பத்திரண்டுக்குப் போய்விடலாம்.

"மொதல்ல இருந்தே போறேன்," என்றாள் அவள். "நடுவுல இருந்து ஏறனா இது நான் ஆடனதா ஆவாது."

ஆட்டம் திறந்ததும் பஸ் ஹார்ன் சத்தம் வந்தது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். ஹார்ன் சத்தம் பிடிக்க அந்தக் காலத்தில் வழியில்லாமல் சாய்குமார் தன் வாயாலேயே போட்ட சத்தம் அது. அருள்குமார் அதைச் சுத்தமாக மறந்திருந்தான். இருபத்துமூன்று வயது சாய்குமார், கொர்லகுண்டா மாடி அறையில், தலைமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "பாம்ம்" என்று கத்தியது அப்படியே உள்ளே இருந்தது. அருள்குமார் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பூதலப்பட்டு வரும்வரை திரும்பவில்லை.

திரும்பியபோது அவள் ஒன்பதாவது லெவலில் இருந்தாள். விரல் ஒன்றுதான் அசைந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. லாட்ஜில் துணி மடிக்கும்போதும் இப்படித்தான் இருப்பாள்போல என்று நினைத்துக்கொண்டான். சந்திரகிரி வந்ததும் பதினாறாவது லெவலை முடித்துப் போனை அணைத்தாள்.

"எங்க வெக்கணும்?"

அருள்குமார் கருவியை எடுத்தான். சோப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறிய விரல். கட்டை விரல் விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. ஐந்தாம் தரம், நடு விரல் விழுந்தது. பஸ்ஸின் குலுக்கலில் பச்சை விளக்கு எரிந்தது.

"போனு உன்னுது தம்பி. நான் கேட்டது ஆட்டம்."

"தனியா குடுக்க முடியாதுக்கா. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"அப்ப எழுதிக் குடு."

மனு எண்ணைப் போட்டு, போனும் அதில் உள்ள ஆட்டமும் மனுதாரருக்கே சொந்தம், அனுமதி அல்ல என்று தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவள் எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நாகபூஷணம் அறிக்கையைப் பார்த்தார். பொருள் கண்டெடுக்கப்பட்டு மனுதாரரிடம் ஒப்படைக்கப்பட்டது, மனுதாரர் திருப்தி என்று இருந்தது.

"எதிர் பார்ட்டிய எச்சரிச்சியா?"

"எச்சரிச்சேன் சார்."

"அதயும் எழுது." எழுதினான். அவர் கையெழுத்துப் போட்டார்.

துர்காதேவி இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம் போன் செய்கிறாள். பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு, திருப்பதியில் இறங்கி லாட்ஜுக்கு நடக்கும்போது. இருபத்தொன்பதாவது லெவலில் கர்சீப் டிரைவர் சீட்டில் விழுந்தாலும் ஜெயித்ததாகக் காட்டுகிறது. முப்பத்துமூன்றில் மழை பஸ்ஸுக்கு உள்ளே பெய்கிறது. முப்பத்தேழில் ஜன்னலில் இருக்கும் ஆளுக்கு மூன்று கை. பத்து வருஷமாகவே இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று இருந்ததாகவும், யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றும் சொன்னாள்.

அருள்குமார் சச்சிவாலயத்தில் ஒரு நோட்டுப் போட்டு, லெவல் எண்ணோடு எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறான். திருத்த முடியாது என்பது அவனுக்குத் தெரியும். மூல நிரல் சாய்குமார் வீட்டு டி.வி.யாக மாறிப் பல காலம் ஆகிறது. அவளுக்கும் அதை ஒருமுறை சொன்னான்.

"பரவால்ல, எழுதி வெய்யி," என்றாள். "மூணு கை இருக்குது, அது உனக்குத் தெரியணும் இல்ல."

"சரிக்கா," என்று சொல்லி எழுதிக்கொண்டான். வாசலில் பென்ஷன்காரர்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.